தூங்கானையை அளந்த கோடை

திங்கள், காலை 6.15. தாம்பரம் ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில் அதற்குள்ளாகவே வெயில் வந்து நின்றிருந்தது. எங்கள் ஈப்போவில் காலை ஆறேகாலுக்குத் தெருவிளக்குகூட அணைந்திருக்காது. வந்து மூன்று வாரமாகியும் என் உடம்பு கடிகாரத்தோடு சமாதானமாகவில்லை. பாதி நாள் விழிப்பிலும் பாதி நாள் கனவிலுமாக நடந்துகொண்டிருந்தேன்.

நான் மலேசியாவில் கட்டடக்கலை படிப்பவள். கோடைப் பருவத்துக்கு ஒரு பாடம் மட்டும் இங்கே வந்து படிக்க அனுமதி கிடைத்திருந்தது. பாடம் இதுதான்: பழைய கட்டடம் ஒன்றை அளந்து, பிசகில்லாமல் காகிதத்தில் வரைய வேண்டும். வெள்ளிக்கிழமை பார்வைக்கு வைக்க வேண்டும். தேறாவிட்டால் என் பட்டம் ஒரு செமஸ்டர் தள்ளிப்போகும், அதற்குள் உதவித்தொகை நின்றுவிடும். அப்பாவிடம் அதைச் சொல்லும் நாள் வரக்கூடாது.

எனக்கும் கூட்டாளி ஜெனிஃபருக்கும் கிடைத்தது மாடம்பாக்கம் சிவன் கோயில். ஸ்டேஷனிலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு முப்பது ரூபாய். சேலையூர் தாண்டியதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“எந்த ஊரும்மா நீ? பேச்சு ஒரு மாதிரி கீது.”

“மலேசியா, அண்ணா.”

“அட, என் மச்சான் அங்கதான் கீறான். பேரு குமாரு. பாத்துக்கீறியா?”

பார்த்ததில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. பார்த்தால் சொல்கிறேன் என்றேன். ஜெனிஃபர் துப்பட்டாவுக்குள் சிரித்தாள்.

7.00. சோழர் காலத்துக் கோயில். கருவறையின் பின்சுவர் சதுரமாக முடியாமல் வளைந்து திரும்புகிறது. யானை படுத்திருப்பதைப் பின்னாலிருந்து பார்த்தால் எப்படியோ அப்படி. தூங்கானை மாடம் என்று இதற்குப் பெயர். புத்தகத்தில் படித்தபோது வெறும் பெயராக இருந்தது. இங்கே அந்தக் காலை வெளிச்சத்தில், கல் மூச்சுவிடுவதாகவே எனக்குத் தோன்றியது. பேசினால் விழித்துக்கொள்ளும் என்று நான் குரலைக்கூடத் தாழ்த்திக்கொண்டேன்.

கல்லில் சாக்பீஸோ பென்சிலோ படக்கூடாது என்பது கோயிலார் நிபந்தனை. சந்தனம் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பட்டால் போய்விடும் என்று அவர்களே வழியும் சொன்னார்கள். சுவரடித் தரையில் முழத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்தோம். முதல் நாள் ஒரு நேர்கோட்டிலிருந்து ஒவ்வொரு பொட்டும் எவ்வளவு தள்ளி என்று வரிசையாக அளப்பது, மறுநாள் குறுக்குக் கோட்டிலிருந்து அதே வரிசையில் அளப்பது. இரண்டு எண்ணும் சேர்ந்தால்தான் காகிதத்தில் ஒரு புள்ளி விழும்.

இதில் ஒரு வேடிக்கை. தாண்டிவந்த பொட்டில் சந்தேகம் வந்தால் இரண்டடி பின்னால் போனால் போதும். எனக்குக் கால் வரவில்லை. சின்ன வயதிலிருந்து கோயிலை வலமாகவே சுற்றிய கால். டேப்பைச் சுருட்டிக்கொண்டு முழுச் சுற்றும் சுற்றி அந்த இடத்துக்கு வந்தேன்.

“ஏய், நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவ. எனக்கே திரும்ப முடியலடி,” என்றபடி ஜெனிஃபரும் பின்னாலேயே சுற்றினாள்.

பதினொரு மணிக்குக் கல் காய்ந்த தோசைக்கல். மண்டபத்து நிழலில் போய் விழுந்தோம். தூணருகே ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். பெயர் செல்வி. மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை, மதிய ஷிஃப்ட்.

“பசியாறிட்டீங்களா அக்கா?” என்று எங்கள் ஊர் வழக்கப்படி கேட்டேன்.

“இன்னா அழகா கேக்குது பாரு இது!” என்று தன் பிரசாதப் புளியோதரையைப் பாதியாகப் பங்கிட்டு இலையோடு நீட்டினார். அதைத் தின்று அங்கேயே தூங்கிப்போனேன். தலைக்கு மேல் விமானங்கள் தாழப் பறந்தன. கனவில் யானை எழுந்து மாடம்பாக்கம் ஏரிப்பக்கம் நடந்தது. நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன்.

புதன், மாலை 5.00. ஜெனிஃபர் வீட்டு மாடியில் படத்தை வரைந்தோம். வளைவு வளைவாக வரவில்லை. தெற்குப் பக்கத்திலேயே கோணி, போகப்போகக் கோணல் அதிகமாகி, முடிவில் முனை சேராமலே நின்றது. தூங்குகிற யானை புரண்டு படுத்த மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் அளவில் சில எண்கள் மிச்சம் வந்தபோதே நாங்கள் யோசித்திருக்க வேண்டும். முதல் நாள் நான் தூக்கக் கலக்கத்தில் விட்டிருப்பேன் என்று சுலபமாக நினைத்துவிட்டோம். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். ஜெனிஃபர் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

வியாழன், காலை 6.45. கோயிலுக்குள் ஓடினோம். தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தி எதிரே செல்வி அக்கா முட்டி போட்டு, விரலில் சந்தனம் எடுத்து, எங்கள் பொட்டுகளுக்கு நடுவே ஒரு பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா! என்ன பண்றீங்க?”

“நீங்க பண்றதத்தான். நோட்டும் கையுமா சுத்தி சுத்தி வந்துகினு பொட்டு வெச்சீங்களே, பரீட்சைக்கு வேண்டுதல்னு புரிஞ்சிகினேன். என் பையன் பிளஸ் டூ எழுதிகீறான். அவன் பாஸாவணும்னு செவ்வாக்கெயமலேர்ந்து நானும் வெக்கிறேன். ஏன், தப்பா?”

ஜெனிஃபர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை குறுக்கு அளவு எடுத்தபோது அக்காவின் பொட்டுகளையும் எங்களுடையவை என்று சேர்த்து அளந்திருக்கிறோம். வேண்டுதல் இல்லை, அளவுதான் என்று விளக்கினேன். அக்கா முகம் வாடிப்போயிற்று.

“அய்யய்யோ. அழிச்சிடவா?”

வேண்டாம் என்று என் வாய் முந்திக்கொண்டது. ஒரு பிள்ளையின் பரீட்சையை ஈரத்துணியால் துடைக்க என்னால் முடியாது. அவர் பொட்டுகளையும் சேர்த்து, இரண்டு அளவையும் இன்றே எடுத்துவிடலாம் என்றேன். நடை சாத்த ஐந்து மணி நேரம் இருந்தது. செல்வி அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டேப்பின் முனையைப் பிடித்து நின்றார். ஜெனிஃபர் எண்ணைச் சொல்ல நான் எழுதினேன். மூன்று பேரானதும் சுற்றி வரும் வேலை குறைந்தது. ஆனாலும் ஒரு பொட்டை விட்டுவிட்டபோது, மூன்று பேருமே திரும்பாமல், சூடான கல்லில் துள்ளித் துள்ளி முழுச் சுற்றும் வந்தோம். அவசரத்திலும் சிரிப்பு வந்தது.

வெள்ளி, காலை 10.30. வளைவு சேர்ந்தது. இத்தனை நெருக்கமாகப் புள்ளி எடுத்த படத்தை இந்தப் பாடத்தில் பார்த்ததில்லை என்றார் பேராசிரியர். ஏன் இத்தனை என்று கேட்டார். உள்ளூர்க்காரர் ஒருவர் உதவினார் என்றாள் ஜெனிஃபர். தேறிவிட்டோம். ஈப்போவுக்குப் போன் செய்தேன். அப்பா சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறு, காலை 8.00. இரவு விமானம். விடைபெறப் போனேன். செல்வி அக்கா தெற்குப் பக்கத்தில்தான் இருந்தார்.

“பாஸாயிட்டியா?”

“ஆயிட்டேன் அக்கா.”

“ஆவாம எங்க போவ? செவ்வாக்கெயம மொதல் பொட்டு உனக்குத்தான வெச்சேன்.”

“எனக்கா? உங்க பையனுக்குனு சொன்னீங்க?”

“அவனுக்கு அப்பறந்தான். கடல் தாண்டி வந்த பொண்ணு, வெயில்ல வெந்துகினு கீதே, இதுக்கு இங்க யார் கீறா வேண்டிக்கனு தோணிச்சி.”

எந்தப் பொட்டு என்று கேட்டேன். விரலை நீட்டிக் காட்டினார். என் படம் முதன்முதலில் கோணிய இடம் அது.

எங்கள் ஊரில் எனக்காக வேண்டிக்கொள்ள அம்மா இருக்கிறார், அத்தைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் பெயர் தெரியும். செல்வி அக்கா கடைசிவரை என் பெயரைக் கேட்கவேயில்லை.