பாய்லர் சுவரில் வைத்த கறிக்குழம்பு

மாரிகுப்பத்துக்கு ரயில் வந்த புதுசு. கங்கம்மாவின் புருஷனைத் தங்கச் சுரங்கத்துப் பாறை சரிந்து கொண்டுபோய்விட்டது. ஊருக்கே திரும்பிப் போ என்றார்கள். போனால் அங்கே யார் கஞ்சி ஊற்றுவார்களாம்? பெண்டாட்டியை ஆற்காட்டில் விட்டுவிட்டு வந்த ஆண்களுக்குச் சமைத்துப் போட்டுப் பிழைத்தாள். அவள் கைக்குழம்புக்கு அப்படியொரு மணம், சும்மா சொல்லக்கூடாது.

விடியுமுன்னே ஆக்கி முடித்துவிட்டுக் கல் பொறுக்கும் கூலிக்குப் போய்விடுவாள். காலை ஷிப்ட் ஆட்கள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வர மத்தியானம் தாண்டிவிடும். குழம்பு ஆறிப்போகுமே! அதனால் பாய்லர் வீட்டுச் சுவர் மேல் சட்டியை வைத்துவிட்டுப் போவாள். அந்தச் செங்கல் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். விறகு கேட்காத சூடு, யார்தான் விடுவார்கள்? பெரும்பாலும் புளிக்குழம்புதான். ஒரு குறையும் வந்ததில்லை.

ஆடித் திருவிழாவுக்கு ஆட்டுக்கறி ஆக்கினாள். புளி சேர்க்கவில்லை. அதைத் தின்ற ஆண்கள் அத்தனை பேரும் பொழுது சாய்வதற்குள் வாந்தி, பேதி என்று சுருண்டுவிட்டார்கள். காத்தவராயன் என்று ஒரு வாட்டசாட்டமான ஆள், பசி வந்தால் ஒரு நிமிஷம் பொறுக்கமாட்டான். அவனே கண் உள்ளே போய்க் கிடந்தான். கங்கம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் நடந்தது. சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலில் மோர் விற்கிற லூயிசா மேல் பழி விழுந்தது. மேலே வந்ததும் எல்லாரும் அவளிடம் மோர் குடித்திருந்தார்கள். அவளைக் கூலிக்காரர் குடியிருக்கிற லைனை விட்டே துரத்தப்போவதாக மேஸ்திரி ராஜப்பா சொல்லிவிட்டார். கங்கம்மாவின் குழம்பை ஒருத்தரும் சந்தேகப்படவில்லை.

அவள்தான் யோசித்துப் பார்த்தாள். வேறு லைன் ஆட்களும் அதே மோரைக் குடித்துவிட்டுத் தெம்பாகத் திரிகிறார்கள். அடுப்பிலிருந்து இறக்கின கையோடு அதே கறியை அவளும் தின்றாள், அவளுக்கும் ஒன்றுமில்லை. அப்புறம் சட்டி சுவர் மேல் இருந்த நேரத்தில்தானே என்னவோ ஆகியிருக்கிறது? உறை ஊற்றின பால் இளஞ்சூட்டில்தானே தயிராகிறது, கூழுக்குக் கரைத்த மாவு அதில்தானே புளிக்கிறது, காக்கப் புளியும் இல்லாத கறி மட்டும் சும்மா கிடக்குமா? சொன்னால் தன் பிழைப்புப் போச்சு. சொல்லாவிட்டால் லூயிசா பிழைப்புப் போச்சு.

பெரிய மனுஷர்கள் எத்தனை பேர் இந்த மாதிரி இடத்தில் வாயை மூடிக்கொண்டு நழுவியிருக்கிறார்கள்! கங்கம்மா நேரே மேஸ்திரி முன்னால் போய் நின்றாள்.

"மோர்ல தப்பு இல்லீங்க. என் குழம்புதான். சுவத்து மேல வெச்சு நான்தான் கெடுத்துட்டேன்."

சூடாக இருந்த குழம்பு எப்படிக் கெடும் என்று அவர் அதட்டினார். வெதுவெதுப்பு வேறே, கொதி வேறே என்று பாலையும் மாவையும் சொல்லி விளக்கினாள். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே லூயிசாவை விட்டுவிட்டார்.

ஆட்கள் எல்லாரும் பிழைத்து எழுந்தார்கள். கங்கம்மாவிடம் சாப்பிடத்தான் ஒருத்தரும் வரவில்லை. அவள் கூலி வேலையை விட்டாள். ஷாஃப்டுக்குப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டி, ஷிப்ட் மேலே வருகிற நேரத்துக்குக் குழம்பு வைத்தாள். ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மறுநாளும் வைத்தாள், அதற்கு மறுநாளும் வைத்தாள். என்ன நெஞ்சழுத்தம் அந்தப் பொம்பளைக்கு!

வேலைக்குத் திரும்பின அன்றைக்குக் காத்தவராயன் கேஜை விட்டு இறங்கி, நேரே அவள் அடுப்பெதிரே வந்து குந்தினான். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கங்கம்மா சட்டியைத் திறந்து பார்த்தாள். குழம்பு இன்னும் கொதி வரவில்லை, நேரமாகும் என்றாள்.

"ஆவட்டும்க்கா," என்றான் அவன். "நல்லா கொதிக்கட்டும். நான் குந்தியிருக்கேன்."