ஓங்கிய கல்

பித்தளைக் கம்பியைக் குறடால் வளைத்து, வளைவு சரிதானா என்று தன் மணிக்கட்டிலேயே வைத்துப் பார்க்கிறார் ஸ்டாண்டுக்காரர். அருங்காட்சியகத்தில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. பானையோ எலும்போ, கண்ணாடிப் பெட்டிக்குள் விழாமல் நிற்க வேண்டுமென்றால் இவர் கை பட வேண்டும். வேலை நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் "உம்" வரும், அதுவும் இவர் மனசு வைத்தால்.

இவர் நிறுத்தியதில் எல்லோரும் நின்று பார்ப்பது கல் கோடரியைத்தான். எழுத்தே பிறக்காத காலத்தது. பச்சைக் கல், அப்படியொரு வழவழப்பு. "ஓங்கின மாதிரி நிக்கட்டும்" என்று காப்பாளர் அம்மா சொன்னார், நிறுத்திவிட்டார். அதன் முன்னால் வரும் பிள்ளைகள் தானாக ஓரடி பின்வாங்குகிறார்கள்.

"இது ஒரு கிளையைக்கூட வெட்டினதில்ல சார். முனையைப் பாருங்க, ஒரு சில்லு போகல. தலைவன் தூக்கிக் காட்டுவான், அவ்வளவுதான். கூட்டம் கப்சிப்."

அவரைப் பற்றி எழுதப் போயிருந்த என்னிடம் பெருமையாகத்தான் ஆரம்பித்தார் ஸ்டாண்டுக்காரர். பாதியில் குரல் இறங்கிவிட்டது.

ஒரே மகள், கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். அவள் சின்னவளாக இருந்தபோது இவர் கையை ஓங்கினால் போதும், டிவி அணையும், தட்டு காலியாகும். "ஒரு நாள்கூட அடிச்சதில்ல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர். மூன்று வருஷத்துக்கு முன் மகள் வந்திருந்தபோது பேத்தி தண்ணீரைக் கொட்டிவிட்டாள். பழக்கதோஷத்தில் கை மேலே போனது. குழந்தை சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"நான் உன்னைக்கூட அடிச்சதில்லையேம்மா" என்றாராம்.

"அடிச்சிருந்தா அன்னிக்கோட போயிருக்கும்பா. எப்ப விழும் எப்ப விழும்னு பாத்துக்கிட்டே வளந்தேன்."

மறுநாளே பெட்டியைக் கட்டிவிட்டாள். அப்புறம் வரவே இல்லை. மகள் கட்டிலுக்கு வாராவாரம் விரிப்பு மாற்றுவது இவர்தான் என்று மனைவி என் காதோடு சொன்னார். தப்பு இவருடையதுதான், தெரிகிறது. ஆனாலும் எனக்கு இவர்மேல் கோபம் வரவில்லை.

ஞாயிறுதோறும் மகள் அம்மாவோடு பேசிவிட்டுப் போனை வைத்துவிடுவாள். நான் அவர் வீட்டில் இருந்த ஞாயிற்றுக்கிழமை, "அப்பாகிட்ட குடும்மா" என்றாள் போலிருக்கிறது. மனைவி போனை இவரிடம் நீட்டினார்.

நாற்காலி நுனிக்கு வந்து இடது கையால் வாங்கினார். "அம்மாடி... எப்பம்மா வருவே?"

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்வரை, மகள் பார்க்க முடியாத, ஓங்கிப் பழகிய அந்த வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.