ஆற்றுக்கு இந்தப் பக்கம்

போன வாரம் பிலிமத்தலாவையில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். தோட்டத்துக்குக் கயிறும் ஆணியும் வாங்க வேண்டியிருந்தது. கதவைத் தள்ளும்போது பார்த்தால், கீல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுத்த தோல் பட்டையை அடித்து வைத்திருக்கிறார்கள். நான்கு விரல் அகலம், ஓரத்தில் இரட்டைத் தையல். என் கை தானாகக் கழுத்துக்குப் போய்விட்டது.

"பட்டாளத்துச் சாமான ஏலம் போட்டப்ப வாப்பா எடுத்தது" என்றார் கடைக்கார நானா. "என்னத்துக்குச் செஞ்சானுகளோ தெரியா. தோல் நல்ல தோல்."

என்னத்துக்கு என்று எனக்குத் தெரியும்.  கயிற்றுக்கும் ஆணிக்கும் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து வண்டியில் ஏறினேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, அது கழுத்துப்பட்டை. வெள்ளைக்காரர் பட்டாளத்தில் புதுச் சிப்பாய்களுக்கு முதல் நாளே மாட்டிவிடுவார்கள். மாட்டினால் தாடை தாழாது, தலை திரும்பாது. பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் உடம்பையே திருப்ப வேண்டும். அனுமதியில்லாமல் உடம்பைத் திருப்பக் கூடாது. எனவே பக்கம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட வேண்டும். வியர்வையும் எண்ணெயும் பதனிட்ட மாட்டுத்தோலும் சேர்ந்த அதன் வாடை, குளித்தாலும் கழுத்தைவிட்டுப் போகாது. மூன்று மாதம் நான் என் கால்களைப் பார்க்கவில்லை. சாணத்தில் மிதித்தால் மணத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன்.

அந்த வாடையை நினைத்தால் கூடவே இன்னொன்றும் வரும். காப்பிப் பழத்தை அரைத்துத் தோலைக் குவித்து வைத்தால் எழும் புளித்த மணம். பன்வில தோட்டத்தில் என் அப்பாவின் வேட்டியில் எப்போதும் அதுதான் இருக்கும். எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். பாதிரியாரின் பள்ளிக்கூடத்தில் தமிழும் கொஞ்சம் இங்கிலீசும் படித்தேன். நான் புத்தகத்தைத் திறந்தால் அப்பா எதிரே வந்து உட்காருவார். கேட்பதற்கல்ல, நான் வாசிப்பதைப் பார்ப்பதற்கு. அப்படிப் பார்க்கப்பட்டவன் கூடை தூக்கப் போக முடியுமா? எழுத்து வேலை தேடிக் கண்டிக்கு வந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. ஆள் சேர்க்கிற ஒருவர் சொன்னார்: "எழுதப் படிக்கத் தெரிஞ்சவனா? பட்டாளத்துல மூணே மாசம். அப்புறம் கதிரைல உக்காந்து எழுத்து வேலைதான்." கையெழுத்துப் போட்டேன். அதுவும் அழகாகப் போட்டேன்.

பயிற்சி என்றால் சுடக் கற்றுக்கொடுப்பது என்று நினைத்திருந்தேன். இரண்டு மாதம் துப்பாக்கியையே கண்ணில் காட்டவில்லை. ஆளுக்கொரு தடி கொடுத்து, அதில் இல்லாத மருந்தை இட்டு, இல்லாத குண்டைக் குத்தி, எண்ணி எண்ணிச் சுட வைத்தார்கள். மீதி நேரமெல்லாம் நடை. நில், திரும்பு, நட. எங்கள் அணியில் எட்டுப் பேர். கவாத்துப் பழக்கியவர் ஒரு மலாய்க்காரர், துவான் சார்ஜன் என்று கூப்பிடுவோம். உத்தரவு இங்கிலீசில், திட்டு மலாயில், விளக்கம் தமிழில்.

அணியிலேயே மோசமான ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். மற்ற ஏழு பேருக்கும் இங்கிலீசில் ஓர் எழுத்துத் தெரியாது. சத்தம் கேட்டதும் திரும்பிவிடுவார்கள். நான் "ரைட் பேஸ்" என்பதைக் கேட்டு, ரைட் என்றால் வலது, பேஸ் என்றால் முகம், வலது முகமென்றால் என்ன என்று யோசித்து முடிப்பதற்குள் ஏழு பேரும் எனக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள்.

"படிச்ச ஐயா இன்னும் வாசிச்சு முடிக்கல. கொஞ்சம் பொறுங்கடா" என்பான் ஒருவன்.

"போர்ல யோசிக்கிறவன் செத்துப்போவான், மகன்" என்பார் துவான் சார்ஜன், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. "அது பரவால்ல. பக்கத்துல நிக்கிறவனையும் சாகடிப்பான். விளங்குதா?"

அதனால் ஒருவன் தவறினால் எட்டுப் பேருக்கும் தண்டனை. தடியை நீட்டிப் பிடித்தபடி வெயிலில் நிற்க வேண்டும். அதைவிடக் கொடுமை, அணி முழுவதும் கப்டன் துரையின் பரீட்சையில் தேறும்வரை ஒருவரும் வாசலைத் தாண்டக் கூடாது. மற்ற அணிகள் எட்டு வாரத்தில் வெளியே போய்விட்டன. நாங்கள் பதினொரு வாரமாக உள்ளே கிடந்தோம். வேலிக்கு அப்பால் ஏரி தெரியும், வண்டிகள் போகும். அந்த ஏழு பேரையும் பூட்டி வைத்திருந்த பூட்டு நான்.

ஒரு வேலையில் மட்டும் நான் கெட்டிக்காரன். ஞாயிறுதோறும் படைச் சட்டத்தை அணிக்கு உரக்க வாசிக்க வேண்டும், அதைத் தமிழில் வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். பாதிரியார் பழக்கிய குரல். "கட்டுகஸ்தோட்டை ஆற்றுக்கு அப்பால் காணப்படும் புதுச் சிப்பாய் ஓடிப்போனவனாகக் கருதப்படுவான்" என்ற இடத்தில் சற்று நிறுத்தி, அழுத்தி வாசிப்பேன். கேட்டவர்கள் நெளிவதைக் காண எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எனக்கு அடுத்து நிற்பவன் வேலு. புசல்லாவைத் தோட்டத்துப் பிள்ளை. அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு, ஆத்தாளிடம் சொல்லாமல் பட்டாளத்தில் சேர்ந்தவன். பதினோராவது வாரம் ஒரு வண்டிக்காரன் வேலியோரம் வந்து சேதி சொல்லிவிட்டுப் போனான். காப்பிப் பழம் எடுத்து முடிந்துவிட்டதாம். அவனுடைய ஆத்தாளும் அப்பனும் கும்பலோடு கரைக்கு, இந்தியாவிலுள்ள சொந்த ஊருக்கு, திரும்புகிறார்களாம். மாத்தளை வழியாக மன்னாருக்கு நடை, அங்கிருந்து தோணி. இனிமேல் வரப்போவதில்லையாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் கண்டியில் தங்குவார்களாம். எங்கள் பரீட்சையும் வெள்ளிக்கிழமை காலையில்தான்.

வேலு என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இந்தா பாரு, வார்த்தையக் கேக்காத" என்றான். "சத்தத்த மட்டும் கேளு. எருமைக்கு என்ன இங்கிலீசா தெரியும்? திரும்புதுல்ல?"

நான்கு நாள் எருமையாக இருக்கப் பழகினேன். ஆச்சரியம், முடிந்தது.

வெள்ளிக்கிழமை கப்டன் துரை வந்தார். சத்தம் வந்தது, கால் போனது. தலைக்குள் ஒன்றுமே இல்லை. அவ்வளவு இலேசாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை. கடைசியில் வரிசையாக நிறுத்தி, துரை ஒவ்வொருவராகப் பார்த்து முடிக்க வெகுநேரம் ஆனது. தேறிவிட்டோம் என்று சார்ஜன் சொன்னதும் ஆறு பேர் கூச்சல் போட்டார்கள். வேலு அசையவில்லை.

"என்னடா?" என்றேன்.

"ஆத்தா கூப்பிட்டுச்சு."

கண்டியில் வாந்திபேதி என்று கும்பலைத் தங்கவிடாமல் விரட்டிவிட்டிருக்கிறார்கள். துரை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர்கள் வேலியோரமாகவே நடந்து போயிருக்கிறார்கள். அந்த அம்மாள் நின்று, "வேலு, ஏய் வேலு" என்று இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள். எட்டுப் பேருக்கும் ஒரே பச்சைச் சட்டை, ஒரே மொட்டைத் தலை. ஒருவனும் திரும்பவில்லை. "நம்ம புள்ள இல்ல. இருந்தா திரும்பியிருப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். ஆறு பேருக்கும் அது கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. பதினொரு வாரம் தவறியவன் அன்றைக்கும் ஒரு காலை மாற்றி வைத்திருந்தால், சார்ஜன் வரிசையைக் கலைத்திருப்பார், வேலு திரும்பியிருப்பான்.

வாசலில் அனுமதிச் சீட்டு எழுதி வாங்க நெடுநேரம் பிடித்தது. பிறகு நானும் வேலுவும் ஓடினோம். மகியாவை மேட்டில் ஏறி இறங்கி, கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரை நிற்காமல் ஓடினோம். அங்கே காவலிருந்த கிழவர் கையை நீட்டி, "இப்பதான் போச்சு, தமிழ் ஆளுங்க. அந்தா" என்றார். எதிர்க்கரையில், பாதை வளைவுக்குச் சற்று முன்னால், தலைச்சுமைகள் வரிசையாகப் போவது தெரிந்தது. கத்தினால் கேட்காத தூரம், ஓடினால் எட்டிவிடும் தூரம்.

வேலு பாலத்தில் ஓர் அடி வைத்தான். நின்றான். பட்டை மாட்டிய கழுத்தோடு உடம்பை முழுதாக என் பக்கம் திருப்பினான்.

"அந்தாண்ட போனா ஓடிப்போனவன்தானே? நீதானே வாசிச்ச?"

அந்தக் கிழவரைத் தவிர எங்களைப் பார்க்க அங்கே எவருமில்லை. ஒரு சார்ஜன் இல்லை, ஒரு துரை இல்லை. "அது சும்மா எழுத்துடா, போ" என்று நான் சொல்லியிருக்கலாம். அவனுக்கு வாசிக்கத் தெரியாது, நான் சொன்னால் சட்டம்.

"ஆமா" என்றேன்.

வைத்த காலை எடுத்துக்கொண்டான். வளைவு காலியாகும்வரை நின்றோம். பிறகு திரும்பினோம். இருவர் காலும் ஒன்றாக விழுந்தது, ஒருவரும் எண்ணாமலே.

சில வருடம் கழித்து அந்தப் பட்டாளத்தையே கலைத்துவிட்டார்கள். எனக்குக் கதிரை கிடைப்பதற்கு முன்பே கலைத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். விடுதலைச் சீட்டோடு வாசலில் நின்றபோது வேலு கேட்டான்: "இப்ப எதுவரைக்கும் போகலாம்?"

"எங்க வேணும்னாலும்."

"எழுதியிருக்கா?"

எழுத்தின் கீழே விரலை வைத்து, முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைப் பக்கம் நடந்தான். கரைக்குப் போய்ச் சேர்ந்தானா, ஆத்தாளைக் கண்டானா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு எழுதத் தெரியாதே.

இப்போது காப்பி இல்லை. இலையில் துருப்போலப் பூஞ்சணம் விழுந்து, மலை மலையாகச் செத்துப்போயிற்று. நான் கணக்கெழுதும் தோட்டத்தில்கூட அடிக்கட்டைகளைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை வைத்துவிட்டார்கள். தேயிலைக்கு வருடம் முழுவதும் கை வேண்டும். அதனால் பழம் எடுத்து முடித்து, சட்டி பானையோடு வடக்கே நடக்கும் கும்பல்களும் நின்றுபோயின. வந்தவர்கள் தோட்டத்து லயத்திலேயே, அந்த வரிசை வீடுகளிலேயே இருக்கிறார்கள். பட்டாளத்து மைதானத்தில் மாடு மேய்கிறது. வேலியைப் பிடுங்கிவிட்டார்கள், எவரும் உள்ளே போகலாம், வெளியே வரலாம். பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு அந்த வழியே போகத்தான் ஒருவருமில்லை.