பங்கு போட்ட மாத்திரை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் வேலை என்பது பெரும்பாலும் காத்திருப்பதுதான். வார்டுகளிலிருந்து வரும் புண், சளி, சிறுநீர் இவற்றில் என்ன கிருமி இருக்கிறது, எந்த மருந்துக்கு அது சாகிறது, எதற்கு மசிய மறுக்கிறது என்று பார்ப்பது என் ஆராய்ச்சி. கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லைகளை அதன்மேல் வைத்து மூடிவிட்டால், மறுநாள் வரைக்கும் நம்மால் ஆவது ஒன்றுமில்லை. மருந்து வேலை செய்திருந்தால் வில்லையைச் சுற்றி வெறும் வட்டம் விழுந்திருக்கும். இல்லாவிட்டால் கிருமி வில்லையின் ஓரம் வரைக்கும் வந்து சட்டமாக உட்கார்ந்திருக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தட்டைப் பார்த்துத் திட்டுகிற ஒரே ஆள் நான்தான் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள்.

அந்தச் சங்கு குளிப்பவரின் தட்டைப் பார்த்த அன்று எனக்குத் திட்டக்கூட வாய் வரவில்லை. கடலடிப் பாறையில் கால் கிழிந்து, அதோடேயே தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்துவிட்டு, பாதம் வீங்கிக் கறுத்த பிறகு வந்து சேர்ந்தவர். அத்தனை வில்லைகளில் ஒன்றே ஒன்றைச் சுற்றித்தான் வட்டம் இருந்தது. அந்த மருந்தும் கேட்கவில்லையென்றால் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட வேண்டும் என்று சர்ஜன் அவரிடம் சொல்லியிருந்தார். காலை உதைத்துத்தான் கடலுக்கடியில் போகவும் வேண்டும், மேலே வரவும் வேண்டும். அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

முன்பு என்னென்ன மாத்திரை சாப்பிட்டார் என்று ஆராய்ச்சிக்காகக் கேட்கப் போனேன்.

"சாப்ட்டேனே. டாக்டர் சீட்டக் காட்டி மெடிக்கல்ல வாங்குனதுதான்."

"முழுசும் சாப்ட்டீங்களா?"

"அது எப்படி முழுசும்? வள்ளத்துல ஆறு பேரு இருக்கோம்லா."

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். அவர்கள் படகில் எடுக்கிற சங்கு பங்கு, கொண்டுபோகிற சோறு பங்கு, குடிதண்ணீரும் பங்கு. மாத்திரையும் அப்படித்தான். யார் வாங்கினாலும் வள்ளத்திலிருக்கும் டப்பாவுக்குப் போய்விடும். ஒருவருக்குக் காதுவலி, இன்னொருவருக்குச் சளி, மற்றொருவருக்குக் கையில் வெட்டு. ஆளுக்கு ஒன்றிரண்டு விழுங்கி, வலி அடங்கியதும் மிச்சத்தை அடுத்தவனுக்கு விட்டுவிடுவார்கள். ஒருவர்கூட ஒரு மருந்தையும் முழுதாகச் சாப்பிட்டதில்லை. அதனால்தான் இந்தக் கிருமி வந்தது என்று அடித்துச் சொல்ல என் படிப்பு இடம் கொடுக்காது. ஆனால் இருக்கிற மருந்தையெல்லாம் கிருமிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அறிமுகம் செய்துவைத்திருந்தார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

"மாத்திரை என்ன மீனா, கூறு வச்சுப் பிரிக்க?" என்று கத்திவிட்டேன்.

அவருக்குக் கோபமே வரவில்லை. "நம்மகிட்ட மருந்து கெடக்கு. பக்கத்துல ஒருத்தன் காதப் பொத்திக்கிட்டு அழுதான். பாத்துக்கிட்டு இருக்க முடியுமா டீச்சர்?"

நான் டீச்சர் இல்லை. நாசரேத்தில் என் அப்பாவும் அம்மாவும் டீச்சர்கள். குரல் மட்டும் எனக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு நான் டீச்சர்தான்.

பக்கத்துப் படுக்கைகளுக்குப் பரவிவிடக் கூடாது என்று அவரைத் தனி அறைக்கு மாற்றினோம். உள்ளே போகிறவர்கள் அங்கி, கிளவுஸ் போட்டாக வேண்டும். வள்ளத்து ஆட்கள் வந்து கதவுக்கு வெளியே நின்று கையாட்டிவிட்டுப் போவார்கள். அவர் கடலுக்குப் போகாத நாளிலும் அவர் பங்கு அவர் வீட்டுக்குத் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. அதே பழக்கம்தான் அங்கே அடுப்பை எரியவிட்டது. எதைத் திட்டுவது, எதைக் கும்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் வராந்தாவில் அவர்களைப் பிடித்து நிறுத்தி, ஒருவர் மாத்திரையை இன்னொருவர் தொடவே கூடாது என்றேன்.

"அப்பம் நடுக்கடல்ல வலிக்கவனுக்கு நாங்க என்னத்தக் குடுக்க?" என்று ஒருவர் கேட்டார்.

"கரைக்குக் கூட்டிட்டு வாங்க."

"அன்னைக்குத் தொழில் போயிருமே."

போனாலும் கூட்டி வாருங்கள் என்றுதான் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் மனைவி பகல் முழுக்கக் கூடவே இருந்தார். கிளவுஸ் மாட்டிய கையால் சோறு ஊட்டுவார், முதுகு துடைப்பார். ஒரு நாள் சாம்பிள் எடுக்கப் போனபோது, படுத்திருந்தவர் என்னிடம் சொன்னார்: "பொணத்தத் தொடுத மாதிரில்லா தொடுதா, டீச்சர்." அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். கிளவுஸ் சட்டம் என்னுடையது. என்னால் அதை மாற்ற முடியாது. எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரே மருந்து ரத்தக்குழாய் வழியாக ஏறிக்கொண்டிருந்தது. முதலில் வந்த தட்டுகளில் கிருமி மண்டிக் கிடந்தது, பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தது. பிறகு ஒரு தட்டு சுத்தமாக வந்தது. நான் நம்பவில்லை. மறுபடியும் எடுத்தேன், அதுவும் சுத்தம். இன்னொன்றும் அப்படியே. சர்ஜனிடம் காட்டினேன். "பாதம் தப்பிச்சது. தனி அறையும் வேண்டாம். நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார். படியில் ஓடினேன்.

கடைசியாக ஒரு முறை அங்கியும் கிளவுஸும் மாட்டிக்கொண்டு உள்ளே போய், பாதத்தை எடுக்க வேண்டாம், கிருமி போய்விட்டது என்றேன். எப்போது கடலில் முங்கலாம் என்று கேட்பார், நன்றாகத் திட்டலாம் என்று தயாராக நின்றேன். அவர் மனைவியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்பம் இவ வெறுங்கையால என்னத் தொடலாமா?"

"தொடலாம். முதல்ல கை கழுவணும்" என்றேன்.

அந்த அம்மா கிளவுஸைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனார். நான் நச்சரித்துச் சொல்லிக்கொடுத்தபடியே உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று ஒன்றையும் விடாமல் கழுவினார். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. துடைத்துவிட்டு வந்து கணவரின் கன்னத்தில் கையை வைத்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கிளவுஸ் போட்ட கையால் முகத்தைத் தொடக் கூடாது என்பதும் என் சட்டம்தான். அதனால் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே நின்றேன்.