மலையில்லாத ஊரில் மலைச் சைக்கிள்

"தயக்கமின்றி முடிவெடுப்பவர், செயல்வேகம் மிக்கவர்."

மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் பிரிவு அதிகாரியாக இருக்கும் சுந்தரேசனின் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை இப்படித்தான் சொல்கிறது. எழுதிய மேலதிகாரி பொய்யர் அல்ல. போன வருட அறிக்கையைப் பார்த்து எழுதினார். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படியே. புதிதாக ஒரு வாக்கியம் எழுதுவதென்றால் யாராவது ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருக்குமே.

சுந்தரேசன் தன்னிடம் வரும் கோப்புகளில் பெரும்பாலும் "பேசவும்" என்று எழுதி அனுப்புவார். பேச வந்தால் ஆள் சீட்டில் இருக்க மாட்டார். வீட்டிலும் அதே நடைமுறைதான். இட்லியா தோசையா என்று மனைவி மாதங்கி கேட்டால், "போன ஞாயித்துக்கிழமை என்ன பண்ணினே?" என்று முன்னுதாரணம் தேடுவார்.

அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் வாங்கிய ஒரே பொருள் ஒரு மலைச் சைக்கிள். டெல்லி லோதி ரோடு சர்க்கார் குடியிருப்பில் வேகத்தடையைத் தவிர ஏறுவதற்கு மேடு ஏதும் கிடையாது. ஆனாலும் சைக்கிளுக்கு இருபத்தொரு கியர். வாங்கிய புதிதில் காலை வேளைகளில் அதில் போகும்போது மட்டும் அவருக்குத் தான் யாருக்கும் கீழே வேலை பார்க்கவில்லை என்று தோன்றும்.

தீபாவளி முடிந்த வாரத்தில் ஒரு குரங்கு பால்கனிக்கு வந்து, சைக்கிள் மேல் ஏறி உட்கார்ந்து, அதோடு சேர்ந்து கவிழ்ந்தது. குரங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரேக்கும் கியரும் ஒன்றாகச் சேர்ந்த இடப்பக்க லீவர் முறிந்து தொங்கியது. விஷயம் பரிசீலனையில் இருந்தது. ஜனவரியும் வந்துவிட்டது.

"ஏன்னா, பால்கனில ஒரு துண்டு காயப்போட எடமில்லே. இந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் பழைய சாமான் எடுக்கற கபாடிவாலா வரான். அதுக்குள்ள உங்க வாகனம் ஓடினா இருக்கட்டும். இல்லேன்னா பழைய பேப்பரோட போயிடும்" என்றாள் மாதங்கி.

"பேசிக்கலாம் மாது."

"பேசியாச்சு. இதான் அந்தப் பேச்சு."

சுந்தரேசன் ஜண்டேவாலான் சைக்கிள் கடைத்தெருவுக்குப் போனார். உடைந்தது ஒன்றுதான் என்று அவர் வாதாடியும், ஜோடியாகத்தான் விற்பனை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். நல்ல நிலையில் உள்ள வலப்பக்க லீவரை எந்த விதிப்படி கழிப்பது என்ற கவலையோடு வீடு வந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம், மங்கி குல்லாயும் ஸ்வெட்டருமாக, பால்கனியில் வேலை ஆரம்பமாயிற்று. பிரேக் கம்பி இரண்டு, கியர் கம்பி இரண்டு. மாறிவிடக் கூடாதென்று ஒவ்வொன்றிலும் அலுவலக ஃபைல் டேக்கில் ஒரு சீட்டைக் கோத்துக் கட்டினார். சைக்கிள், விசாரணைக்குப் போகும் கோப்பு மாதிரி ஆகிவிட்டது.

லீவரை வெளியே எடுக்க வேண்டுமானால் முதலில் ஹேண்டில்பாரின் ரப்பர் பிடி கழல வேண்டும். அது அசையவில்லை. கீழ்வீட்டு ரவிக்குமார், மதுரைக்காரர், வாசலிலிருந்து அண்ணாந்து பார்த்தார்.

"என்ன சார், மாட்டுல பால் கறக்குறீங்களா?"

"ரப்பர் வரமாட்டேங்கறது."

"எண்ணெய் விடுங்க சார், தன்னால வரும்."

டெல்லி ஜனவரியில் தேங்காய் எண்ணெய் மெழுகாக இருக்கும். மாதங்கி பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி உருக்கிக் கொடுத்தாள். இரண்டு சொட்டு உள்ளே போனதும் ரப்பர் வாழைப்பழத் தோல்போல வந்துவிட்டது. பழைய லீவர்கள் இறங்கின. புதியவை ஏறின. கம்பிகளைச் சீட்டைப் பார்த்துப் பார்த்துக் கோத்து, திருகாணிகளை முறுக்கினார். பிரேக் கட்டைகள் சக்கரத்தைக் கவ்வின. கியர் 'டிக்' என்றது. அந்த 'டிக்'கைக் கேட்க மாதங்கியை நாலு தரம் கூப்பிட்டார்.

கடைசியில் ரப்பர் பிடியைத் திரும்ப மாட்ட வேண்டும். அது ஏற மறுத்தது. கழற்றுவதற்கு எண்ணெய் விட்ட முன்னுதாரணம் கைவசம் இருந்தது. சுந்தரேசன் தாராளமாகவே விட்டார். பிடி ஏறியது. சற்று நேரத்தில் குளிரில் எண்ணெய் இறுகி, பிடி பாறையாக நின்றது. இழுத்துப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார். அசையவில்லை. முழுத் திருப்தியோடு தூங்கப் போனார்.

ஞாயிறு மத்தியானம் பனிமூட்டம் விலகி நல்ல வெயில். கபாடிவாலா தள்ளுவண்டியோடு வந்து பழைய பேப்பரை நிறுத்துக்கொண்டிருந்தார். மாதங்கியும் ரவிக்குமாரும் பார்த்து நிற்க, சுந்தரேசன் ஏறி மிதித்தார். முதல் சுற்று பிரமாதம். இரண்டாவது சுற்றில் கியரை மாற்றி வேகத்தடை மேல் ஏறி இறங்கினார். மூன்றாவதில், உள்ளங்கைச் சூடும் வெயிலும் சேர்ந்து தங்கள் வேலையைச் செய்தன. இடக்கைப் பிடி ஹேண்டில்பாரை விட்டுக் கழன்று முழுசாக அவர் கையோடு வந்தது.

கையில் ரப்பரை உயர்த்திப் பிடித்தபடி, ஏதோ முக்கியக் கோப்பை அமைச்சரிடம் நீட்டுபவர்போல, சுந்தரேசன் தள்ளுவண்டியை நோக்கி வந்தார். வலக்கை புது லீவரை அமுக்கியது. தராசுக்கு ஒரு சாண் தள்ளி சைக்கிள் நின்றது.

கபாடிவாலா நிதானமாக நிமிர்ந்தார். "பாபுஜி, ரப்பரைத் தனியா நிறுக்கணுமா?" என்று இந்தியில் கேட்டார்.

ரவிக்குமார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாதங்கி சிரிப்பை அடக்கவேயில்லை.

"என்னன்னா, குடுத்துடலாமா?"

சுந்தரேசன் ரப்பரைப் பார்த்தார். வலக்கை அமுக்கியிருந்த லீவரைப் பார்த்தார்.

"மாட்டேன். பிரேக் பிடிச்சுதே, பாத்தியோன்னோ?"

"பிடிச்சுது, பிடிச்சுது. எண்ணெயத் தொடையுங்கோ மொதல்ல."

கபாடிவாலா பேப்பரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். சுந்தரேசன் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் ஹேண்டில்பாரைக் கழுவி, உலரத் துடைத்து, எண்ணெய் இல்லாமல் இரண்டு பிடிகளையும் மாட்டினார். திங்கட்கிழமை காலை சைக்கிளில் அலுவலகம் போனார்.