சிமெண்ட் யானையைப் படமெடுத்த பெண்

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஆசிரியையாகச் சேர்ந்த புதிது. சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, என் வகுப்புப் பிள்ளைகளைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். குளித்து முடித்து, ஐந்தருவி போகிற வழியில் ஒரு பழைய பங்களாத் தோட்டத்துக்குள் நுழைந்தோம். யாரோ ஒரு முதலாளி ஆசையாகச் செய்து வைத்த சிமெண்ட் சிலைகள் அங்கே நிறைய உண்டு. மான், சிங்கம், குடம் ஏந்திய பெண் என்று எல்லாவற்றிலும் பாசி. பாதிக்கு மூக்கில்லை, கையில்லை.

சென்னையிலிருந்து வந்திருந்த ஓவியரான பெண்மணி ஒருவர், காலுடைந்த மானைக் குனிந்து குனிந்து கேமராவில் படமெடுத்துக்கொண்டிருந்தார். நன்றாக இருந்த சிங்கத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு ஆவல் தாங்கவில்லை. ஏன் என்று கேட்டேவிட்டேன்.

"புதுசா இருக்கறப்போ எல்லாரும் பாத்துட்டுப் போயிட்டாங்க. அப்புறம் இதுங்களுக்கு என்ன ஆச்சுன்னு யாரும் பாக்கலையே. சாரல் சீசன் முடியற வரைக்கும் வாராவாரம் அதே எடத்துல நின்னு எடுக்கறேன்" என்றார்.

அதற்குள் பிள்ளைகள் பெரிய யானைச் சிலையிடம் ஓடிவிட்டார்கள். "டீச்சர், நாங்க மேல ஏறுதோம்!" ஒருத்தி முதுகிலேயே உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் தும்பிக்கைக்குக் கீழே.

யானைக்கு எதிரே ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்தியவர், பையிலிருந்து போன வாரம் எடுத்த படத்தை உருவிப் பார்த்தார். முகம் மாறியது. என்னையும் பார்க்கச் சொன்னார். படத்தில் தும்பிக்கைக்கும் பின்னாலிருந்த கல்தூணுக்கும் நடுவே நல்ல இடைவெளி. இப்போது கேமராவில் பார்த்தால் தும்பிக்கை தூணையே மறைத்தது.

"சாயுது. பிள்ளைங்கள இறக்குங்க" என்றார்.

பக்கத்தில் நின்ற தோட்டக்காரர் சிரித்தார். "இம்புட்டு வருசமா இங்கனதான நிக்கி? அம்மா கேமராவத் தள்ளி வச்சிருப்பாவ."

"ஸ்டாண்டு காலுக்கு மண்ணுல முளை அடிச்சு வச்சிருக்கேன். எடம் மாறல."

வெறும் கண்ணுக்கு யானை அசையாமல்தான் நின்றது. யாரை நம்புவது? ஆனாலும் உச்சியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அதட்டி எல்லாரையும் இறக்கினேன். பஸ் வரும் வரை பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். வீணாகப் பயந்து அவர்கள் விளையாட்டைக் கெடுத்துவிட்டோமோ என்று எனக்கும் தோன்றியது.

மனசு கேட்காமல் அடுத்த வாரம் தனியாகப் போனேன். வாரம் முழுக்க நல்ல மழை. அடிமண் கரைந்து, யானை பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. பிள்ளைகள் நின்ற இடத்தில் தும்பிக்கை தூள்தூளாக.

தோட்டக்காரர் ஓடி வந்தார். "நல்ல வேளை டீச்சர், அன்னைக்குப் பிள்ளையள இறக்கிட்டிய" என்றார்.

அந்த அம்மா அதே முளைகளில் ஸ்டாண்டை நிறுத்தியிருந்தார். "இத நீங்க எடுங்க" என்று விலகி நின்றார். நான் எடுத்த முதல் படம் அதுதான்; கொஞ்சம் கலங்கலாக வந்தது.

'அது எப்பவும் அப்படித்தான் இருக்கு' என்று யாராவது சொன்னால், இன்றைக்கும் நான் எழுந்துபோய் ஒருமுறை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறேன்.