அக்காவுக்குப் போன ஆறு எண்கள்

சின்னவளுக்கு வயது நாற்பத்து மூன்று. இந்த வயதிலும் தெரிந்தவர்கள் அவளைச் சின்னவள் என்றே கூப்பிடுகிறார்கள் என்றால், பெரியவள் ஒருத்தி கூடவே இருந்தாள் என்று அர்த்தம். அக்காவும் தங்கையும் இரண்டு பக்கெட், ஓர் ஏணி என்று தொடங்கிய கண்ணாடி துடைக்கும் தொழில் அது. வீடு, கடை, பல் டாக்டர் அறை என்று எது கிடைத்தாலும் போவார்கள். பெரியவள் ஏணியில் ஏறி வெளிப்பக்கம் துடைப்பாள், சின்னவள் உள்பக்கம். ஒரு கறை போகவில்லையென்றால், அது யார் பக்கத்துக் கறை என்று கண்ணாடியைத் தட்டித் தட்டிச் சண்டை நடக்கும். சத்தம் கேட்காது, வாய் மட்டும் அசையும். பார்க்கிறவர்களுக்கு நல்ல வேடிக்கை.

நான்கு வருடமாக அந்தச் சண்டை இல்லை. இப்போது சின்னவளிடம் நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள், சொந்தமாக ஒரு வேன் இருக்கிறது. கறை என்று காட்டினால், "சரிங்க மேடம்" என்று மறுபேச்சில்லாமல் துடைத்துவிடுகிறார்கள். அவர்களோடு என்னத்தைச் சண்டை போடுவது?

பிரிந்த கதை பெரிய கதை இல்லை. ஓர் அலுவலகத்தில் பெரியவள் சாய்த்து வைத்த ஏணி சரிந்து, ஆளுயரக் கண்ணாடித் தடுப்பு நொறுங்கிவிட்டது. நல்லவேளையாக இன்ஷூரன்ஸ் இருந்தது. அதுவும் பெரியவள் ஒற்றைக்காலில் நின்று எடுத்து வைத்ததுதான். நஷ்ட ஈட்டு விண்ணப்பத்தில், 'சேதம் எப்படி ஏற்பட்டது?' என்று ஒரு கட்டம். சின்னவள் யோசிக்காமல் எழுதினாள்: 'என் அக்காவின் கவனக்குறைவால்.'

பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதன் நகல் பெரியவள் கைக்குப் போயிற்று. படித்தாள், மடித்து மேசைமேல் வைத்தாள், அடுத்த வாரமே மகன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இவளும் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டி, மறுநாள் சேர்ந்தே வேலைக்குப் போயிருப்பார்கள். திட்டாமல் போனதுதான் வினையாயிற்று. அவளே முதலில் பேசட்டும் என்று இருவருக்கும் வீம்பு. வெளியே வீம்பு, உள்ளே ஏக்கம். எத்தனையோ நாள் சின்னவள் அக்காவின் எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு, அழுத்தாமலே போனைக் கீழே வைத்திருக்கிறாள்.

அன்று காலை மூன்று மாடிப் புது மருத்துவமனையில் வேலை. உள்ளே கண்ணாடித் தடுப்புகளே நூற்றுக்கு மேல். இவ்வளவு பெரிய வேலை அவளுக்கு இதுவரை வந்ததில்லை. பெண்கள் பக்கெட்டுகளை இறக்கி வைத்த பிறகுதான் கட்டட மேலாளர் கையை நீட்டினார்.

"இன்ஷூரன்ஸ் சர்டிபிகேட் குடுங்க."

"பாலிசி இருக்கு சார். ரசீது வண்டியிலதான்..."

"ரசீது வேணாம். எங்க கட்டடத்துப் பேர் போட்டு சர்டிபிகேட் வேணும். பதினோரு மணிக்குள்ள வரலைன்னா வேற கம்பெனியைக் கூப்பிட்டுடுவேன். நாளன்னிக்குத் திறப்பு விழா, எனக்கு வேற வழியில்ல."

அப்போது மணி பத்தே கால். சின்னவள் ஏஜென்டைக் கூப்பிட்டாள்.

"அதுக்கென்ன மேடம், அஞ்சு நிமிஷ வேலை," என்றார் அவர். சொன்னபடியே கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். "உங்க போனுக்கு ஓ.டி.பி. வந்திருக்கும். அந்த ஆறு நம்பரைச் சொல்லுங்க."

"வரலையே."

"கடைசி ரெண்டு நம்பர் நாப்பத்தேழுதானே?"

"அது எங்க அக்கா நம்பர். என் நம்பருக்கு மாத்திடுங்க."

"மாத்த மூணு நாள் ஆகும் மேடம். அவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன். பத்து நிமிஷம்தான் செல்லும்."

ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவதாம்! நான்கு வருடமாக முடியாமல் கிடந்ததை அந்த மனிதர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

சின்னவள் வேனுக்குப் பின்னால் போய் நின்று அழைத்தாள். முதல் மணியிலேயே பெரியவள் எடுத்துவிட்டாள்.

"அக்கா..."

மனதுக்குள் ஆயிரம் தடவை பேசிப் பார்த்ததில் ஒரு வார்த்தைகூட சின்னவள் வாயில் வரவில்லை. "உனக்கு ஒரு நம்பர் வந்திருக்காக்கா?"

"வந்திருக்கு. நீ எங்க நிக்கிற?"

"ஒரு கட்டடத்து வாசல்ல."

"வெயில்லயா நிக்கிற?"

அவ்வளவுதான், சின்னவள் தேம்பிவிட்டாள்.

"ஏன்டி அழற? வருஷா வருஷம் பாலிசி புதுப்பிச்சாச்சுன்னு எனக்குத்தான் மெசேஜ் வரும். சரி, இவ நல்லாத்தான் இருக்கா, வேலைக்குப் போயிட்டிருக்கான்னு நெனச்சுப்பேன். இந்தத் தடவை நாலு நாள் தாமதமா வந்துது. அந்த நாலு நாளும் எனக்குச் சாப்பாடே எறங்கல."

"நான் அப்படி எழுதியிருக்கக் கூடாதுக்கா."

"எழுதினது உண்மைதான். ஆனா ஏணி சரிஞ்சிடுச்சுன்னு எழுதியிருக்கலாம்ல? ஏணிக்கு ரோஷமா வரப்போகுது?"

சின்னவள் அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இந்தக் கூத்தில் பத்து நிமிஷம் ஓடிப்போய், முதலில் வந்த ஓ.டி.பி. காலாவதி ஆகிவிட்டது. ஏஜென்ட் இன்னொன்று அனுப்பினார். பெரியவள் ஒவ்வோர் எண்ணாக நிறுத்தி நிறுத்திப் படிக்க, சின்னவள் அதை வேன் கண்ணாடித் தூசியில் விரலால் எழுதிக்கொண்டாள். ஊர்க் கண்ணாடியெல்லாம் துடைக்கிறவளின் வண்டியில் எழுதுகிற அளவுக்குத் தூசி!

"திரும்பி வந்துடேன்க்கா. ஏணியில நான் ஏறிக்கிறேன், நீ உள்பக்கம் நின்னா போதும்."

"முட்டி ரெண்டும் போச்சுடி. நிக்கக்கூட முடியல. போ, போய் வேலையைப் பாரு. நேரமாகுது."

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் சர்டிபிகேட் வந்து சேர்ந்தது. மேலே இரண்டு பெயர்கள், அக்காவின் பெயர்தான் முதலில். மேலாளர் அதைப் படித்துப் பார்த்துத் தலையாட்டினார். பெண்கள் பக்கெட்டுகளோடு உள்ளே போனார்கள். சின்னவள் மட்டும் அந்த இரண்டு பெயர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏஜென்ட் மறுபடி கூப்பிட்டார்.

"மேடம், நம்பர் மாத்துற ஃபார்ம் அனுப்பியிருக்கேன். கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா இனிமே எல்லாம் உங்க போனுக்கே வந்துடும்."

"வேணாங்க. அந்த நம்பரே இருக்கட்டும்."

"அடுத்த தடவையும் இப்படி அவசரத்துல மாட்டிக்குவீங்களே?"

"மாட்டிக்கிறேன்," என்றாள் சின்னவள். "அந்த மெசேஜ் வரலைன்னா அவ சாப்பிட மாட்டா."